கலாவதி அக்காவுக்கு வந்து சேராத செய்தி

போன வியாழக்கிழமை காலை, செங்கல்பட்டு தொலைபேசி நிலையத்தில் கலாவதி அக்காவின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டாவது பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். மருத்துவமனையிலிருந்து அவருடைய கணவர் பேசினார். "கலா போய்ட்டாம்மா. வூட்டுக்கு லைன் குடு." என் கையாலேயே இணைத்துக் கொடுத்தேன்.

தொண்ணூறில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்து இருக்கை அவருடையது. வெளியூர் அழைப்பை இணைத்ததும், "ரெண்டு பக்கமும் கேக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலகுவார். அதற்குமேல் ஒரு சொல்கூட ஒட்டுக்கேட்க மாட்டார். "அவங்க சேதி அவங்களுக்கு முழுசா போய்ச் சேரணும், அவ்ளோதான்" என்பார்.

மூத்த பெண் பிறந்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, செத்துப் பிழைத்தார். அவர் நினைவில்லாமல் கிடந்தபோது டாக்டரம்மா அவருடைய கணவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் பேசினார். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம்? படுத்திருப்பவளின் சேதி வீட்டுக்காரருக்குத்தான் போகும்.

இந்த ஆண்டு பொங்கல் கழித்து அக்காவும் நானும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். அவருக்கு ஏழாம் மாதம். செருப்பு நுழையாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது. தலைவலி என்றும் சொன்னார். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாத்துக்குடி பயப்படுற? அதெல்லாம் தலைச்சனுக்குத்தான் வருமாம். டாக்டரம்மாவே இவருகிட்ட சொன்னாங்களாம்."

வியாழனன்று லைனைக் கொடுத்த கையோடு நான் மருத்துவமனைக்கு ஓடினேன்; அதே தாழ்வாரத்தில் டாக்டரம்மா அக்காவின் கணவரிடம் கத்திக்கொண்டிருந்தார். "தலைச்சன்லதான் அதிகம் வரும். ஆனா ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடியும் வரலாம், உண்டானதுமே கூட்டிட்டு வாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே!"

கணவர் தரையைப் பார்த்தார். "முழுசா சொன்னா ரெண்டாவதே வேணான்னுடுவா. அதான்..."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அதை அன்று கண்ணால் பார்த்தேன். விதி என்கிறார்கள் வீட்டில். எனக்கு வாய் கூசுகிறது. பாதியை மனைவியிடம் சொல்லி, மீதியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டவருக்கு விதி என்று பெயரா?

ஆண் குழந்தை பிழைத்துக்கொண்டது. நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் அக்காவின் பாதங்களில் வீக்கம் வடியவில்லை.

அக்கா, உங்களுக்கு வந்திருக்க வேண்டிய சேதியை ஒன்று விடாமல் இங்கே எழுதிவிட்டேன். இந்தப் பக்கம் நான்தான் இருக்கிறேன்.

கேக்குதா அக்கா?