ஒரு சிட்டிகை திருநீறும் ஓர் அரிவாளும்

போன வாரம் மலைப்பூண்டு வாங்கலாம் என்று நாயுடுபுரத்திலிருந்து மேல்மலைக் கிராமமான கவுஞ்சிக்குப் போனேன். பூண்டு வாங்கவில்லை. அரிவாளைப் பார்த்துவிட்டு வந்தேன்!

வேலுச்சாமி என்கிற விவசாயி, பக்கத்துத் தோட்டக்காரர் தங்கராசு வீட்டு வாசலில் அரிவாளோடு நிற்கிறார். ஊற்றிலிருந்து தன் தோட்டத்துக்குத் தண்ணீர் வரும் ஓஸ் பைப்பைத் தங்கராசு அறுத்துவிட்டார் என்று கோபம். தங்கராசு உள்ளே, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு...

"நான் அறுக்கலண்ணே... எலி கடிச்சுருச்சு!"

"எலி என்னலே கத்தி வச்சா கடிச்சுச்சு? வெளிய வாலே!"

சுற்றிலும் கூட்டம். எல்லோரும் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். எல்லோரும் என்றால்... நானும்தான்.

ஊரே படம் பிடிக்கும்போது 'சரி, போறேன்' என்று எந்த மனுஷன் திரும்புவான்? கதவு திறந்தால் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு, இன்னொருவர் ஜெயிலுக்கு. ஆனாலும் நான் போனை இறக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

போலீஸ் ஜீப் வந்தது. ஒரு கான்ஸ்டபிள் லத்தியோடு குதித்தார். பின்னால் இறங்கிய ஏட்டம்மா, பழனிக்காரர், "தம்பி, லத்திய ஜீப்லயே போடு" என்றார்.

பெப்பர் ஸ்ப்ரே, ரப்பர் குண்டு, ஷாக் கொடுக்கும் துப்பாக்கி என்று உயிரை எடுக்காமல் ஆளை மடக்க உலகத்தில் என்னென்னவோ வந்துவிட்டது. ஏட்டம்மா சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒரு பொட்டலம். பழனித் திருநீறு!

முதலில் எங்களிடம்தான் வந்தார். "நேத்து முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். எல்லாரும் எடுத்துக்கங்க."

வலது கையை நீட்டி, இடது கையை அதற்கு அடியில் கொடுத்துத்தானே திருநீறு வாங்குவோம்? ஒவ்வொரு போனாகப் பைக்குள் போனது. நான் மட்டும் வலது கையில் போனோடு, எங்கேயோ பார்ப்பதுபோல இடது கையை நீட்டினேன். ஏட்டம்மா அந்தக் கையையே பார்த்தார். நானும் போனை உள்ளே வைத்தேன்.

பிறகு வேலுச்சாமியிடம் போனார். நாலடி தள்ளியே நின்றார்.

"அண்ணே, வாங்கிக்கங்க."

"நீங்க போங்கம்மா. இது எங்க சோலி."

"சோலி கெடக்குண்ணே, அப்புறம் பாப்போம். முருகன் பிரசாதத்த எம்புட்டு நேரம் கையில வச்சிட்டு நிக்கிறது?"

வேலுச்சாமி பொட்டலத்தைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். மெல்லக் குனிந்து அதைக் கீழே வைத்தார். செருப்பையும் கழற்றிவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினார். கான்ஸ்டபிள் அரிவாளை நைசாக எடுத்துக்கொண்டார்.

போலீஸுக்குப் பயந்து இறக்கினால் அவமானம். பிரசாதத்துக்காக இறக்கினால் யார் என்ன சொல்ல முடியும்?

நெற்றியில் பூசியதும் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். "மூணு நாளா தண்ணி இல்லம்மா... நட்ட பூண்டு அம்புட்டும் காயுது."

கதவு லேசாகத் திறந்தது. ஒரு வலது கை மட்டும் வெளியே வந்தது.

"ஏட்டம்மா... எனக்கும் கொஞ்சம்."

வேலுச்சாமியே சிரித்துவிட்டார். அன்றைக்கே ஓஸை ஒட்டிவிட்டார்கள். எலி யார் என்பது மட்டும் ஸ்டேஷன் விசாரணையில் இருக்கிறது.

பிறகு டீக்கடையில் ஏட்டம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அவர் கையை நீட்டாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கம்மா?"

"வெரசா ஓடியிருப்பேன் சார். திரும்பிப் பாத்திருந்தா, பின்னாலயே நீங்களும் வந்திருப்பீங்க."

பின்னாலயா? நான் அவருக்கு முன்னால் ஓடியிருப்பேன்!