அரசன் காலடியில் ஒரு துளை

தி. நகரில் ஒரு நகைப்பட்டறை, இரண்டாவது மாடி. வெளியே மழை. உஸ்மான் சாலையின் ஹாரன் சத்தமெல்லாம் வேறேதோ ஊரிலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கிறது. மதுரை ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. நான் கொடுத்திருந்த சோழர் காலத்துச் செப்புக்காசைத் தங்க விளிம்பு கட்டிப் பதக்கமாக்கி, பத்தர் என் கையில் வைக்கிறார். சங்கிலியைத் தூக்கிப் பிடித்தால், காசில் நிற்கும் அரசன் தலைகீழாகத் தொங்குகிறான். எனக்குச் சுர்ரென்று வருகிறது.

"என்னங்க இது, தலைகீழா மாட்டியிருக்கீங்க? பிரிச்சுத் திருப்பிக் குடுங்க."

"ராஜா காலாண்ட பழைய ஓட்டை ஒண்ணு கீது பாருங்க மேடம். அந்தக் காலத்துலயே யாரோ கழுத்துல போட்டுக்கினு இருந்திருக்காங்க. அதே ஓட்டைலதான் கொக்கி மாட்டுனேன். போட்டுக்கினு குனிஞ்சு பாருங்க, அப்புறம் பிரிக்கிறேன்."

அணிந்துகொண்டு குனிகிறேன். அரசன் நேராக நிற்கிறான். எதிரில் இருப்பவருக்குத்தான் அவன் தலைகீழ். துளையிட்டு அணிந்தவள் யாரோ, ஊராருக்குக் காட்ட இதை அணியவில்லை. என் மூச்சோடு அவன் மெல்ல ஏறி இறங்குகிறான்.

"மழை உட்டுச்சு மேடம். பிரிக்கட்டுமா?" என்கிறார் பத்தர்.

நான் இன்னும் நிமிரவில்லை.