அந்த ஐந்து நிமிடப் பாட்டு

பேய், காத்து என்று யாராவது பேச்செடுத்தால் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். பயமும் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. படித்தது ஐந்தாவது வரைதான். இருபத்தெட்டு வருடமாகக் கொதிக்கிற தண்ணீரில் பட்டு நூலை முக்கிச் சாயம் ஏற்றுகிறேன், கண்ணில் படுகிற நிறத்தைத் தவிர வேறு எதையும் நம்பிப் பழக்கமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சாயம் போடுகிறவன் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அரக்கு நிறம் முக்கினால் மணிக்கட்டு வரை ரத்தத்தில் தோய்த்ததுபோல இருக்கும். எந்த சோப்புக்கும் அசையாது. நான்கு நாள் சாயத்தில் கை வைக்காமல் இருந்தால்தான் தோல் வெளுக்கும். என் ஒரே மகள் ஸ்டெல்லா மூன்றாவது படிக்கும்போது அவள் பள்ளிக்கூட விழாவுக்குப் போனேன். "இன்னாடி, உங்க நைனா கறிக்கடையா?" என்று ஒரு பிள்ளை கேட்க, எல்லாப் பிள்ளைகளும் சிரிக்க, இவள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நான் அவள் பள்ளிப் பக்கமும் போகவில்லை, கல்லூரிப் பக்கமும் போகவில்லை. நாலு பேர் முன்னால் நிற்கவே எனக்கு வராது, இதில் இந்தக் கை வேறு.

சர்ச்சில் கிடார் பழகியவள் சென்னையில் வேலைக்குப் போன பிறகு நான்கு பேரோடு சேர்ந்து பாட்டுக் குழு வைத்தாள். தடித்த நாலு கம்பி போட்ட பேஸ் கிடார் அவளுடையது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் கச்சேரி. ஃபங்க் கச்சேரி என்றாள்.

"அப்டின்னா இன்னாமா?"

"ஒரே தாளத்தப் புடிச்சிக்கினு சுத்திச் சுத்தி வரும் நைனா. நீ கம்முனு நின்னாலும் காலு ஆடும்."

பிறகு சிரிக்காமல் சொன்னாள். "இந்த வாட்டியும் நீ வரலன்னா, இனிமே உன்ன எதுக்குமே கூப்ட மாட்டேன்."

அன்றைக்குக் காலையிலும் அவசர வேலை வந்தது, அதுவும் அரக்கு. முழங்கால் வலியால் என் மனைவி ரோஸி வரவில்லை. "மாப்ள கணக்கா பவுடரு பூசிக்கினு, கைய மட்டும் பாக்கெட்ல ஒளிச்சிக்கினு போறியே" என்று கேலி செய்து அனுப்பினாள்.

மண்டபம் நிறைய ஆட்கள். கடைசித் தூணுக்குப் பின்னால் வாசல் பக்கமாக நின்றுகொண்டேன். தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம். முதல் பாட்டு முடிந்ததும் ஸ்டெல்லா மைக்கைப் பிடித்தாள். "அடுத்த பாட்டு முடிஞ்சதும் எங்க நைனாவ மேடைக்குக் கூப்டப் போறேன். அதோ, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு இருக்காரு பாருங்க." மொத்தக் கூட்டமும் திரும்பிச் சிரித்தது. மணி ஏழு இருபது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆண்டவரே, இந்தப் பாட்டு முடியவே கூடாது என்று உதடு அசைய வேண்டினேன்.

வேண்டியது அவ்வளவுதான். பாட்டு முடியவில்லை.

முதலில் எனக்குத் தெரியவில்லை. அதே நாலு சுரம், அதே டிரம், மறுபடி அதே. நீண்ட பாட்டு போல என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு இருபது, விநாடி முள் தாளத்துக்குத் துடிக்கிறது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "இப்பத்தான் சார் ஸ்டார்ட் பண்ணாங்க" என்றார். நெடுநேரம் கழித்து மறுபடி கேட்டேன். "இப்பத்தான் சார் ஸ்டார்ட் பண்ணாங்க." அதே குரல், அதே சிரிப்பு. மூன்றாவது முறை கேட்க எனக்குத் துணிவில்லை.

வெளியே போய்விடலாம் என்று வாசலைப் பார்த்து நடந்தேன். கூப்பிடுதூரம்கூட இல்லை, பத்தடி. ஆட்களை விலக்கி விலக்கி நடக்கிறேன், நடக்கிறேன், முடிவில் அதே தூண் வந்து தோளில் இடிக்கிறது. எத்தனை முறை என்று தெரியாது. உட்கார்ந்தேன், எழுந்தேன், கத்தியும் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. பசி இல்லை, தாகம் இல்லை, தூக்கமும் இல்லை. அந்தத் தாளம் மட்டும் நெஞ்செலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இடித்தது.

அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். அதுவரை வெட்கத்தில் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எல்லாரும் பொம்மை மாதிரி ஒரே மாதிரி ஆடிக்கொண்டிருக்க, ஸ்டெல்லா மட்டும் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. கை நிற்காமல் கம்பியை அடிக்கிறது, உதடு மட்டும் அசைகிறது. வா நைனா.

அவளாலும் நிறுத்த முடியவில்லை என்று எனக்கு உறைத்தது. நான் கேட்ட வரத்தில் அவளையும் சேர்த்து மாட்டிவிட்டிருக்கிறேன்.

பாக்கெட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்தேன். யார் பார்த்தாலும் சரி என்று மேடையைப் பார்த்து நடந்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்தப் பக்கம் வழி இருந்தது. படி ஏறி மேலே கால் வைத்தேன், பாட்டு பட்டென்று நின்றது. கைதட்டல். கடிகாரம் ஏழு இருபத்தைந்து.

விளக்கு வெளிச்சத்தில் என் கையைப் பார்த்தேன். காலையில் அரக்கு முக்கிய கை. சுத்தமாக வெளுத்திருந்தது, நகக்கண்ணில் மட்டும் ஒரு கோடு. நான்கு நாளாவது ஆகாமல் அது வராது. என் தொழில், எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஈரமாக இருந்தது. நுனியெல்லாம் கொப்புளம் உடைந்து, உள்தோல் தெரிந்தது. மைக்கில் படாமல் என் காதோரம் சொன்னாள். "எவ்ளோ நேரம் நைனா உன்னக் கூப்டுறது?"

அன்று வீட்டுக்கு வந்ததும் "கைய இன்னாத்தப் போட்டுத் தேச்ச?" என்று ரோஸி கேட்டாள். மறுநாள் பட்டறையில் முதலாளியும் என் கையைப் பார்த்துவிட்டு, "நேத்து அரக்கு முக்கனது நீதானேபா?" என்றார்.

இப்போதெல்லாம் ஸ்டெல்லா எங்கே கூப்பிட்டாலும் மறுபேச்சு இல்லாமல் போகிறேன், கை எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "அது அஞ்சு நிமிஷப் பாட்டு நைனா" என்கிறாள், சிரித்துக்கொண்டுதான். சொல்லும்போது மட்டும், வடு விழுந்த அந்தக் கையை, நான் ஒளிப்பேனே, அதே மாதிரி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள்.