சிவக்கொழுந்தரின் கரட் மெசின்

தேசிக்காயைக் கண்டு இராணுவத்தின் ஒரு படைப்பிரிவே பின்வாங்கிய ஒழுங்கை இந்தத் தீவில் எங்களுடையது ஒன்றுதான். படைப்பிரிவு என்பது கொஞ்சம் கூட. ஐந்தாறு பேர் இருப்பார்கள். பின்வாங்கினார்கள் என்பதும் கொஞ்சம் கூட. கேற்றடி வரைக்கும் போய் நின்றார்கள். எலுமிச்சம் ஊறுகாய் போடுகிற அந்தத் தேசிக்காய் மட்டும் சுத்தமான உண்மை. அந்தத் தேசிக்காயின் மேல் இரும்பு கடைகிற ஒரு லேத் மெசின் நின்றது. அந்த மெசினுக்குச் சொந்தக்காரர் சிவக்கொழுந்தர். இது அவருடைய கதை.

சிவக்கொழுந்தர் ரயில்வே வேலைத்தலத்தில் இரும்பு கடைந்து பென்ஷன் எடுத்தவர். தொண்ணூற்றாறில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு மனைவி கனகேஸ்வரியோடு வாடகைக்கு வந்தார். வீடு பார்க்க வந்தவர் குசினியையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. கார் இல்லாமல் கிடந்த எங்கள் கராஜின் சீமெந்துத் தரையில் குதிகாலால் ஓங்கி ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, வீடு பிடித்திருக்கிறது என்றார்.

உருண்டையான எதைக் கண்டாலும் அவர் விரல் அதன் மேல் ஓடும். தேத்தண்ணி கொடுத்தால் முதலில் ரம்ளரைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். புட்டுக் குழல், குத்துவிளக்கின் தண்டு, கலியாண வீட்டு வாழைமரம் ஒன்றும் தப்பாது. என் மருமகன் மொட்டைத் தலையோடு வந்த அன்று சிவக்கொழுந்தர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். பிறகு தனியாக என்னிடம், "ரீச்சர், இடப்பக்கம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அந்தக் கராஜில் சொந்தமாக ஒரு லேத் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குக் குறுக்கே நின்றவர் கனகேஸ்வரியின் தமையன் நாகேந்திரம். காலி வீதியில் அவருக்குப் பெரிய கடை. வெளிநாட்டு மெசின், வெளிநாட்டுத் துளைகருவி, வெளிநாட்டு அரம். கடையில் உள்ளூர்ச் சாமான் என்றால் நாகேந்திரம் ஒருவர்தான். அவரிடம் கப்பலில் வந்த புது லேத் ஒன்று நின்றது. பச்சை நிறம், தலையில் ஒரு லைற், விலையும் உள்ளூர் மெசினை விட மலிவு. அதைத்தான் மச்சான் எடுக்க வேண்டும் என்று அவர் நின்றார்.

சிவக்கொழுந்தர் மாட்டேன் என்றார். அவர் மாளிகாவத்தையில் பாயிஸ் என்ற மனிதர் செய்கிற லேத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ரயில்வேயை விட்ட பிறகு கொஞ்சக் காலம் அவர் வேலை செய்த இடத்தில் மலிவான வெளிநாட்டு மெசின் ஒன்றில் பல்சக்கரம் ஒன்று உடைந்துபோய், மாற்றுச் சக்கரத்துக்குக் கடிதம் போட்டு, தைப்பொங்கலிலிருந்து தீபாவளி வரைக்கும் காத்திருந்து, கடைசியில் வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மின்விசிறியின் சிறகு இருந்ததாம். அதிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை.

"மெசின் செய்தவன் பஸ்ஸில போய்ப் பேசிப்போட்டு வாற தூரத்தில இருக்கவேணும் மச்சான்" என்றார். "உம்மட ஆளைப் பேச நான் எந்தக் கப்பல்ல ஏறுறது?"

நாகேந்திரம் விடவில்லை. பாயிஸ் அந்த இரும்பை எங்கே எடுக்கிறார் என்று கேட்டார். கொச்சிக்கடையில், துறைமுகத்துப் பழைய இரும்பு ஏலத்தில் என்றார் இவர். அப்படியென்றால் அதுவும் கப்பலில் வந்த சாமான்தானே, என்ன, உடைந்த கப்பலில் வந்தது என்று நாகேந்திரம் சொல்ல, சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். சோறு அவர்களுடையது என்பதால் அளவாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில்தான் சிவக்கொழுந்தருக்குச் சூடு ஏறியது. கொட்டாஞ்சேனையில் மிளகாய்த்தூள் மில் வைத்திருக்கும் இராமர் ஒரு புதுச் சாஃப்ட் கேட்டிருந்தார். சாஃப்ட் என்றால் அரைக்கிற சக்கரத்தைச் சுழற்றுகிற நீட்டு இரும்புத் தண்டு. அது நேராக வந்தால் மில்லின் வேலை முழுவதும் இவருக்கு. பாயிஸின் மெசினில் வெள்ளிக்கிழமைக்குள் அதை நேராகக் கடைந்து கொடுக்காவிட்டால், மெசினைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாகேந்திரத்தின் கடையில் டை கட்டிக்கொண்டு விற்பனைக்கு நிற்பேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். லேத்காரனுக்கு டை என்பது சும்மா விஷயமில்லை. சுழலுகிற மெசினுக்குப் பக்கத்தில் கழுத்தில் துணி தொங்கினால் தலையே போய்விடும். டை கட்டினால் இனி லேத்தைத் தொடப்போவதில்லை என்று அர்த்தம். நாகேந்திரம் மறுநாளே ஒரு டை வாங்கிவிட்டார். நீலத்தில் மஞ்சள் புள்ளி.

மெசின் லொறியில் வந்தது. அதன் நிறம் ரோசா. மாளிகாவத்தையில் ஏதோ பாலர் பாடசாலைக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற். நெற்றியில் "பாயிஸ் அன்ட் சன்ஸ்" என்று பித்தளைத் தகடு. பாயிஸுக்கு இருப்பதெல்லாம் பெண்பிள்ளைகள். கேட்டதற்கு, அது வியாபாரப் பெயர் என்றாராம்.

பாமன்கடைச் சோதனைச் சாவடியில் லொறியை மறித்தார்கள். ரோசா நிற மெசினைப் பார்த்துக் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் சிவக்கொழுந்தரின் சட்டைப்பையில் இருந்த ஸ்பிரிட் லெவல் மாட்டிக்கொண்டது. தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கட்டைக்குள், கண்ணாடிக் குழாயில் பச்சைத் தண்ணீரும் அதில் ஒரு குமிழியும் ஓடின. ஓடுகிற குமிழியை இராணுவம் நம்பாது. லெவலைப் பிடுங்கிவைத்துக்கொண்டு மெசினை விட்டுவிட்டார்கள்.

கராஜில் மெசினை இறக்கினோம். கனகேஸ்வரி அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சந்தனம், குங்குமம், கற்பூரம், ஒழுங்கையில் தேங்காய், எல்லாம் நடந்தது. புது வாகனத்துக்குச் சக்கரத்தடியில் தேசிக்காய் வைப்போமே, அதுவும் நடந்தது. சிவக்கொழுந்தர் வெளியே தேங்காய் உடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், லொறிக்காரர்கள் மெசினை நெம்பி இறக்க, இவள் குனிந்து காலுக்கு ஒன்றாக மஞ்சள் நூல் சுற்றிய தேசிக்காயை வைத்துவிட்டாள். சாறு வழிந்தது. துடைத்துவிட்டாள். சுபம்.

மெசினை மட்டம் பார்க்க லெவல் இல்லையே. மனிதர் கனகேஸ்வரியின் சோத்துக்கோப்பையை வாங்கி, தண்ணீர் ஊற்றி, மெசினின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

முதல் இரும்பைக் கடைந்தார். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, அசல் கரட் மாதிரி வந்தது. ரயில்வேயில் இருந்தவர் அல்லவா, இதற்கெல்லாம் பயப்படவில்லை. மெசினின் மேலே, இரும்பின் மறுமுனையைப் பிடிக்கிற பின்பக்கத்தைக் கொஞ்சம் அரக்கித் திருத்தினார். அடுத்தது நேராக வந்தது. அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டார். காலையில் அதே மெசினில் போட்டார், திரும்பவும் கரட். இந்த முறை தலைகீழ்க் கரட். இன்று திருத்தினால் நாளைக்கு வேறு விதமாகக் கோணியது. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிற மெசினை அவர் தன் வாழ்க்கையில் கண்டதில்லை.

பாயிஸைக் கூப்பிட்டால் வர வழியில்லை. அந்தக் கிழமை மாளிகாவத்தையில் சுற்றிவளைப்பு, யாரும் வெளியே போக முடியாது. தொலைபேசியில்தான் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். தொலைபேசி என்னுடையது.

"அண்ணன், என்ட மெசின் கரட் சீவாது" என்றார் பாயிஸ். "லெவல் பாத்தீங்களா?"

"பாத்தனான்."

"என்னத்தால பாத்தீங்க?"

"கோப்பையால."

பாயிஸ் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு, சனிக்கிழமை விட்டுவிடுவார்கள் போல இருக்கிறது, விட்டவுடன் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். சாஃப்ட்டுக்குத் தவணை வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை நாகேந்திரம் அரைக் கிலோ கரட்டும் அந்த டையும் அனுப்பிவைத்தார். கரட்டைக் கனகேஸ்வரி சம்பல் போட்டாள். சிவக்கொழுந்தர் சாப்பிடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று டையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தார். அதைக் கண்டபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மெசினைத் திருப்பி ஏற்ற லொறிக்குச் சொல்லியாகிவிட்டது. லொறி வருமுன் இராணுவம் வந்தது. எங்கள் ஒழுங்கைக்கும் சோதனை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, அலுமாரி, கட்டிலடி எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் கராஜுக்குள் வந்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் டோர்ச் அடித்து மெசினின் அடியைப் பார்த்தான். பார்த்தவன் அசையாமல் நின்றான்.

இரும்புக் காலுக்கு அடியில் எண்ணெய் ஊறிக் கறுத்த ஏதோ ஒன்று பிதுங்கி நின்றது. அதிலிருந்து ஒரு வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலிலும் அப்படி, இந்தக் காலிலும் அப்படி. அவன் மெதுவாகப் பின்னால் கால் எடுத்துவைக்க, மற்றவர்களும் எடுத்துவைக்க, எல்லாரும் கேற்றடியில். எங்களையும் வெளியே வரச் சொன்னார்கள். சிவக்கொழுந்தர், தன் மெசினுக்குக் குண்டு வைத்தது மச்சானாகத்தான் இருக்கவேணும் என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

கனகேஸ்வரிதான் என் சீலையைப் பிடித்து இழுத்தாள். "ரீச்சர், அது நான் வைச்ச தேசிக்காய். சிங்களத்தில சொல்லுங்கோவன்."

"தெஹி" என்றேன் நான். பொறுப்பதிகாரி நம்பவில்லை. நானே போய்க் குனிந்து நூலைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். ஊறுகாய் மணம் கராஜை நிறைத்தது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கள் ஊரிலும் லொறிக்குத் தேசிக்காய் வைப்பதுதான் என்றும், ஆனால் லொறி அதை மிதித்துவிட்டுப் போய்விடும் என்றும் சொன்னார். பிறகு ரோசா மெசினை மேலும் கீழும் பார்த்து, "அங்கிள், இது எங்கே போகப்போகிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சிவக்கொழுந்தர் கனகேஸ்வரியைப் பார்த்தார். மெசினின் காலைப் பார்த்தார். நாளுக்கு நாள் காய்ந்து சுருங்குகிற தேசிக்காயின் மேல் நிற்கிற மெசின் நாளுக்கு ஒரு பக்கம் முறுக்காமல் என்ன செய்யும்? மனிதர் நெம்புகிற அலவாங்கை எடுத்தார். சிப்பாய்மார் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு மூலை தூக்கிக் கொடுத்தார்கள். சிவக்கொழுந்தர் தேசிக்காய்த் தோலைச் சுரண்டி எடுத்தார். பாமன்கடையில் பிடுங்கிய லெவலைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். ஒரு சிப்பாய் தலையைச் சொறிந்தான். அது முகாமில் சிப்பாய்மார் விளையாடுகிற கரம்போட்டை மட்டம் பார்க்கிற வேலையில் இருந்ததாம். சைக்கிளில் போய் எடுத்துவந்து கொடுத்தான்.

மத்தியானத்துக்குள் சாஃப்ட் முடிந்தது. இராமர் அதை உருட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், தலையாட்டிவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். மில் வேலை முழுவதும் அன்றிலிருந்து இவருக்குத்தான். சனிக்கிழமை பாயிஸ் வந்து, நடந்ததைக் கேட்டு, மெசினோடு கொடுக்கிற அறிவுறுத்தல் தாளில் பழவகை ஒன்றும் அடியில் வைக்கக் கூடாது என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். நாகேந்திரம் கொஞ்சநாள் எங்கள் பக்கம் வரவில்லை. வந்தபோது, பாயிஸின் மெசின் ஒன்றைத் தன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். அதில் "மாளிகாவத்தையிலிருந்து இறக்குமதி" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். நீலத்தில் மஞ்சள் புள்ளி டை, சிவக்கொழுந்தர் மெசினுக்கு எண்ணெய் துடைக்கிற துணியாக வெகுகாலம் உழைத்தது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நான் கணிதம் படிப்பித்தவள். நாலு காலுக்கும் ஒரே மாதிரி நாலு தேசிக்காய் வைத்தால் நாலும் ஒரே அளவில்தானே காய்ந்து இறங்கும், மெசின் ஏன் கோணவேண்டும்? ஒருவேளை ஒரு மூலையில் மட்டும் எலி சாற்றைக் குடித்திருக்கலாம் என்று எழுதி, இதையெல்லாம் கனகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். முறிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்.

"எலியுமில்லை ஒண்டுமில்லை ரீச்சர். அண்டைக்குச் சந்தையில மூண்டு தேசிக்காய்தான் கிடைச்சது. நாலாவது காலுக்கு வைச்சது நாரத்தங்காய்."