முன்னாலேயே எடுத்த சிரிப்பு

டிவியில் நான் பேசி முடித்ததும் சிரிக்கிறார்களே, அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இல்லை. அந்தச் சிரிப்பைக் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். நாங்கள் மேக்கப் அறையில் வடாபாவ் தின்றுகொண்டிருப்போம். பஸ்ஸில் கூட்டிவந்த பார்வையாளர்களை வரிசையாக உட்காரவைத்து, கேமராவைச் சரிபார்க்கத்தான் என்று ஒருவர் மைக்கில் சொல்வார்: இப்போது சின்னச் சிரிப்பு, இப்போது பெரிய சிரிப்பு, இப்போது பக்கத்தில் இருப்பவரின் தோளில் தட்டிச் சிரியுங்கள். காலி மேடையைப் பார்த்து அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கேமரா நல்ல முகங்களாகப் பொறுக்கிக்கொள்ளும். பிறகு எடிட்டிங்கில் எந்த ஜோக்குக்கு எந்த முகம் வேண்டுமோ அதை ஒட்டிக்கொள்வார்கள். பதினோரு வருடமாக இந்த ஹிந்தி காமெடி நிகழ்ச்சிகளில் இருக்கிறேன். இதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. சாம்பாரில் பெருங்காயம் போடுகிற மாதிரி, போடுகிறார்கள்.

அந்த வருடங்களில் பாதிக்குமேல் நான் கீழே விழுகிறவன். போலீஸ் வேஷம் போட்டவர் கன்னத்தில் அறைவார், நான் சோபாவுக்குப் பின்னால் விழுவேன். வசனம் கிடையாது. ஒரு சீசன் முடியும்போது என்னைக் கழற்றிவிடப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. புதிதாக ஏதாவது கொண்டு வா, இல்லையென்றால் நமஸ்தே, என்றார் நிகழ்ச்சிக்கு எழுதுபவர். நான் என் அக்காவைக் கொண்டுபோனேன்.

அக்கா மும்பை தாராவியில் இருக்கிறாள். அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எங்கள் சந்தில் யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமென்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லையென்றாலும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு துணிக்கடைப் பையில் சம்பந்தப்பட்ட காகிதம் எல்லாவற்றையும் எடுத்துப் போவாள். அதிகாரியின் மேஜைமேல் ஒவ்வொன்றாகப் பரப்புவாள். அவருக்கு டீ கிளாஸ் வைக்கக்கூட இடம் இருக்காது. இரண்டு உள்ளங்கையையும் காகிதங்களின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, “யே தேக்கோ சாப். அபி போலோ,” என்பாள். இதைப் பாருங்கள் சார், இப்போது சொல்லுங்கள் என்று. அதோடு சரி. கையெழுத்து விழும்வரை பேசவும் மாட்டாள், கையை எடுக்கவும் மாட்டாள். நானும் அப்படித்தான் பள்ளியில் சேர்ந்தேன்.

நான் புடவை கட்டி, கொண்டையில் பூ வைத்து அதைச் செய்தேன். என் பையிலிருந்து கரண்ட் பில் வரும், கல்யாணப் பத்திரிகை வரும், மாமனாரின் எக்ஸ்ரே வரும், கடைசியில் ஒரு வாழை இலை வரும். எல்லாவற்றின்மேலும் கையை வைத்துக்கொண்டு அதே வசனம். ஒத்திகையில் எழுத்தாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என் இடம் தப்பித்தது.

படப்பிடிப்புக்கு அக்காவையும் கூப்பிட்டேன். எங்கள் சந்தில் டிவியில் முகம் வருவதைவிடப் பெரிய மரியாதை இல்லை. மழை வெள்ளச் செய்தியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதாக யாரையாவது காட்டினால்கூட அந்த வீட்டில் பேடா கொடுப்பார்கள். நான் அவளைத்தான் நடித்துக் காட்டுகிறேன் என்று தெரிந்தால் பூரித்துப்போவாள் என்று மனதார நம்பினேன். அதனால் முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். காலையில் சிரிக்கச் சொன்னபோது, பக்கத்துப் பெண்மணி சிரிக்கிற வேகத்தில் நாற்காலியிலிருந்து வழுக்கியதைப் பார்த்து நிஜமாகவே சிரித்துவிட்டாள். மேக்கப் அறை டிவியில் பார்த்தேன். நல்ல முகம்.

மதியம் நான் மேடையில் முதல் காகிதத்தை எடுத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் இருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கடைசிவரை சிரிக்கவில்லை. நான் ஒரு வசனத்தில்கூடத் தடுமாறவில்லை. வெளியே வந்ததும், “சாப்ட்டியால?” என்று மட்டும் கேட்டாள்.

ஒளிபரப்பில் என் வசனம் முடிந்தவுடனே அக்காவின் முகம் வந்தது. வாய்கொள்ளாத சிரிப்பு. இரண்டு தடவை காட்டினார்கள். அன்றைக்குச் சந்தில் அவளுக்கு ராஜமரியாதைதான்.

கொஞ்ச நாள் கழித்துக் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. பெண்கள் நாலைந்து பேர் அக்காவைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போனார்கள். அவள் காகிதங்களைப் பரப்பிக் கையை வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த கிளார்க் அவளுடைய வசனத்தை அவரே சொன்னார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, இதில் என்ன சிரிப்பு என்று அக்கா கேட்டாள். அவர் மரியாதையாகவே தன் போனில் என் காட்சியை ஓடவிட்டுத் திருப்பிக் காட்டி, “மௌசி, ஆப் குத் ஹஸ் ரஹி ஹோ,” என்றார். சித்தி, நீங்களே சிரிக்கிறீர்களே என்று. கூடப்போன பெண்களும் சிரித்துவிட்டார்கள். அக்கா காகிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டு மதினி போன் செய்து இதை எனக்குச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருக்கும் செம்பூரிலிருந்து பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். போனில் அந்தக் காட்சியை ஓடவிட்டு என் பக்கம் நீட்டினாள்.

“ஏல, ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும்.”

“கேளுக்கா.”

“நீ அந்தக் காயிதத்தப் பரப்பயில நான் சிரிக்கவே இல்லன்னுதாம்ல எனக்கு நெனவு. இதுல பாத்தா சிரிக்கேன். எத்தன மட்டம் பாத்துட்டேன் தெரியுமா? நீ எதுக்கத்தான நின்ன, எம் மூஞ்சியத்தான பாத்துட்டிருந்த. நான் சிரிச்சேனால?”

உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அந்த நிமிடமே சந்தில் இறங்கிச் சொல்வாள், ஆபீசில் போய்ச் சொல்வாள், என் தம்பியே சொல்லிவிட்டான் என்பாள். சேனல்காரர்கள் காதுக்குப் போகும். அடுத்த சீசன் முழுக்க அந்தப் புடவையை நம்பித்தான் இருக்கிறேன். இத்தனையும் யோசித்துத்தான் பதில் சொன்னேன் என்றால் அது பொய். வாய் முந்திக்கொண்டது.

“சிரிச்சக்கா,” என்றேன். “நல்லா சிரிச்ச.”

போனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். குற்ற உணர்ச்சி வரும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டீயில் சர்க்கரை கூடுதல் என்று மட்டும் தோன்றியது.

“அப்பச் சரி. எனக்குத்தான் கோட்டி புடிச்சிட்டு போல,” என்றாள்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு மதினி வாசலில் வந்து நின்றார். நாளைக்கு மறுபடியும் தண்ணீர் ஆபீசுக்குப் போகலாமா என்று கேட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை.

“நான் வரலம்மா. எனக்கு இப்பல்லாம் நெனவு தப்புது. அங்கன போயி நடக்காதத நடந்துச்சின்னு சொல்லிட்டேன்னா ஒங்க காரியம்லா கெட்டுரும்.”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை கூடுதலான அந்த டீயைக் குடித்து முடித்தேன்.