நாயளவு மானும் நான் எழுதிய இரண்டு கடிதங்களும்

போன சனிக்கிழமை வீட்டுப் பின்வளவு ஷெட்டைத் துப்பரவாக்கியபோது பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் ஒரு பட்மின்டன் வலை அகப்பட்டது. நடுவில் பெரிய கிழிசல். எடுத்து முகர்ந்து பார்த்தேன். வலையை எதற்கு முகர்வது என்று கேட்காதீர்கள். இந்த வயதில் கையில் படுவதையெல்லாம் முகரத்தான் தோன்றுகிறது. ஈர மண்ணும் துருவும் மணத்தன. ஒரு முடிச்சில் நாலைந்து செம்பட்டை மயிர்கள் இன்னும் சிக்கிக் கிடந்தன.

“இதை ஆரப்பா கிழிச்சது?” என்றாள் மகள்.

“மணியம் மாமா” என்றேன், யோசிக்காமலே.

பிறகு தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பிள்ளைகளே, இத்தனை வருஷமாக உங்களுக்கு நான் சொல்லி வந்த கதை அதுதான். வலையைக் கிழித்தது ஒரு மான். மிச்சத்தையெல்லாம் கிழித்தது நான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

2009இல் நாங்கள் லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். எண்ணெய் மணம் தலையணை வரைக்கும் ஏறும். நீங்கள் பள்ளிக்கூடம் போனால் உங்கள் சட்டையிலும் அதே மணம். அதனால்தான் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்து ஒரு அலொட்மென்ட் எடுத்தேன். காட்டோரமாக, வாடகைக்கு விடுகிற ஒரு துண்டுக் காணி. பஸ் ஒரு பக்கம் நிற்கும், உள்ளே போகிற கேற் மறுபக்கம். சுற்றி நடக்கவேண்டும். அந்த நடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் ஒரு தீப்பெட்டியைத் திறந்தேன். வன்னியில் இருந்த என் அக்கா, உங்கள் மாமி, முன்பு ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்ட ஒன்பது பூசணி விதைகள். இலையில் வெள்ளை வரி விழுகிற சாதி. இங்கே எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. ஆறு முளைத்தன. ஒன்று நோஞ்சான். அதை எல்லையோரக் குப்பையில் எறிந்துவிட்டு ஐந்தை நட்டேன். வைகாசியோடு அக்காவிடமிருந்து தொலைபேசி வருவது நின்றது. அந்த வருஷத்து வைகாசியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஏலாது. அந்தக் கொடிகள் யார் தந்தவை என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

ஆனியில் மான் வந்தது. மான் என்றதும் கொம்பும் புள்ளியும் நினைக்காதீர்கள். நாயளவுதான். குரைக்கவும் செய்யும். நாலு கொடிகளை நாலு விடியலில் அடியோடு தின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி அதை எத்தனை விதமாகக் கொல்லலாம் என்று யோசிப்பேன். ரசீது கொடுக்க மறந்துபோவேன். அந்த வருஷம் கோபிக்க வேண்டியவர்கள் எல்லாரும் என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். மான் எட்டும் தூரத்தில் இருந்தது.

பக்கத்துத் துண்டுக்காரரும் எட்டும் தூரத்தில் இருந்தார். மணியம் அண்ணை பாரிசில் பன்னிரண்டு வருஷம் கோப்பை கழுவிவிட்டு லண்டன் வந்தவர். பிரெஞ்சு பொழிவார், இங்கிலிஷ் ‘குட் மோர்னிங்’கோடு சரி. அவர்தான் கேற்றைத் திறந்துவிட்டுப் போகிறார், அதனால்தான் மான் வருகிறது என்று நானாகவே முடிவுகட்டி, தோட்டக் கமிட்டிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன். அவருக்கு எச்சரிக்கை வந்தது. அதை என்னிடமே கொண்டுவந்தார். நானே வாசித்துச் சொன்னேன்.

“ஆருக்கோ என்னில எரிச்சல், தம்பி” என்று சிரித்தார்.

கடைசிக் கொடியில் ஒரு காய் பிடித்து, என் இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்திருந்தது. அது முற்றினால்தான் இனி விதை. திங்கட்கிழமை தொடக்கம் எனக்கு இரண்டு கிழமை விடியல் ஷிப்ட். காவலுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். சனி பின்னேரம் ரேடியோ பெருமழை, காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் வேட்டை முடிவானது. சும்மா வெருட்டத்தான் போனோம் என்று உங்களுக்கு முன்பு சொல்லியிருக்கிறேன். பொய். நான் மண்வெட்டியோடு கொல்லத்தான் போனேன்.

“வன்னியில பெரிய மரைமான் வேட்டைக்குப் போன ஆள் நான். நானும் வாறன்” என்றார் மணியம் அண்ணை. “சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு வராதையும். மணத்துக்கு ஓடிடும்.”

விடிய நாலரைக்கு மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. கேற்றிலிருந்து வரும் பாதைக்குக் குறுக்கே அவர் கொண்டுவந்த பட்மின்டன் வலையைக் கட்டிவிட்டு, உரக்கும்பிக்குப் பின்னால் குந்தினோம். குளிக்காமல் வந்த எனக்கு மூக்கில் ஏதோ ஏறியது.

“அண்ணை, உங்களில தைலம் மணக்குது.”

“முழங்கால் வருத்தம், தம்பி. மானுக்கு விளங்கும்.”

“மரையை எப்பிடி அடிச்சனீங்கள்?”

முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “அடிச்சது வேற ஆக்கள். நான் பின்னால போனனான். பங்கு தந்தவை.”

அப்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ குரைத்தது.

“நாய்” என்றார் வேட்டைக்காரர்.

நாயில்லை. நாங்கள் கேற்றைப் பார்த்துக் குந்தியிருக்க, மான் பின்வேலியால் வந்து எங்களுக்கும் கொடிக்கும் நடுவில் நின்றது. நான் கத்திக்கொண்டு பாய்ந்தேன். அது கண்மண் தெரியாமல் ஓடி வலையில் மாட்டியது. மேல்வாயிலிருந்து இரண்டு பற்கள் வெளியே நீண்டிருந்தன.

“ஐயோ, பல்லு! இதுக்குப் பல்லு இருக்குது!” மணியம் அண்ணை கும்பியில் ஏறிவிட்டார்.

மண்வெட்டியை ஓங்கினேன். ஒரு எட்டுத்தான் வைத்தேன். காலடியில் ‘மொளுக்’ என்றது. வழுக்கி, மண்வெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மான் வலையைக் கிழித்துக்கொண்டு திரும்பி, வந்த வழியே, பின்வேலி மூலையில் இருந்த ஓட்டையால் போய்விட்டது. எழுந்து காலைப் பார்த்தேன். என் பூட்ஸின் கீழ் காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே விதை பிடிக்காத வெறும் வெள்ளைத் தோல்கள்.

“உந்த ஓட்டை ஆர் வெட்டினது?” என்றார் மணியம் அண்ணை.

“தெரியாது அண்ணை.”

பிள்ளைகளே, வெட்டியது நான். கேற்றுக்குச் சுற்றி நடக்கப் பஞ்சிப்பட்டு மாசியில் குறட்டால் வெட்டினேன். பலகை ஒன்றைச் சாத்திவிட்டு அது மானுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். சேற்றில் என் பூட்ஸ் தடம் பழைய பாதைபோல அந்த மூலைக்கு நேராகப் போயிருந்தது. அவர் தடத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், காயைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“மானுக்கு வந்து பூசணிக்காயை அடிச்சிட்டீர்!”

கிழிந்த வலை என்னிடமே தங்கிவிட்டது. அடுத்த கிழமை அவரே புதுக் கம்பி வாங்கி ஓட்டையைத் தைத்தார். யார் வெட்டினது என்று மறுபடி கேட்கவில்லை. அதோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் மரக்கறிக் கடைக்குப் போனால் கடைக்காரர் பூசணித்துண்டைத் தூக்கிக் காட்டி, “என்ன வேட்டைக்காரர், இதையும் சுட்டே எடுத்தனீர்?” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் மணியம் அண்ணை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டாவது கடிதத்தை எழுதினேன்: வேலியை வெட்டியதும் அவர்தான்.

கமிட்டி வந்து பார்த்தது. புதுக் கம்பியின் மிச்சச் சுருளும் குறடும் அவருடைய ஷெட்டில் இருந்தன. வேறென்ன சாட்சி வேண்டும்?

மறுபடியும் கடிதத்தைக் கொண்டு என்னிடமே வந்தார். “ஒருக்கா வாசிச்சுச் சொல்லும், தம்பி.”

“காணியை விடட்டாம் அண்ணை.”

“ஏனாம்?”

“கேற்றுத்தான்.” வேலி என்று எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.

“மறுமொழி ஒண்டு எழுதித் தாரும்.”

“எழுதிப் பிரயோசனமில்லை அண்ணை.”

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்கு அந்த நிமிஷம் இனித்தது. மறைக்கமாட்டேன், நன்றாகவே இனித்தது.

காணி துப்பரவாக்கிய நாளில், அவர் போவதைப் பார்க்கவென்றே ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். கமிட்டி ஆட்கள் அவருடைய ஷெட்டை இழுத்து விழுத்திவிட்டு மண் புரட்டும் மெஷினை ஓட்டினார்கள். ஷெட் மறைத்திருந்த வெயில் பக்கத்தில், மதிலோரமாக ஒரு கொடி படர்ந்திருந்தது. இலையெல்லாம் வெள்ளை வரி. மூன்று காய்கள், இன்னும் பச்சையாக.

“நீர் குப்பையில எறிஞ்ச பூசணிக் கண்டுதான், தம்பி” என்றார் மணியம் அண்ணை பக்கத்தில் வந்து. “பாவமெண்டு ஊண்டிவிட்டன். முத்தினாப்போல உமக்கு ஒண்டு தருவம் எண்டிருந்தன். கடையில வைச்சுச் சிரிச்சது சரியில்லைத்தானே.”

மெஷின் மதில்பக்கம் திரும்பியது. அங்கே நின்றவர்களில் அவர்களை இங்கிலிஷில் நிறுத்தச் சொல்லக்கூடிய தமிழன் நான் ஒருவன்தான். ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்பார்களே. எந்தக் கடிதத்திலிருந்து தொடங்குவது? வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

மணியம் அண்ணை தோர்ண்டன் ஹீத் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. துண்டுக் காணிகள் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். வெள்ளை வரி விழும் இலையைப் பிறகு நான் எங்கும் காணவில்லை. அக்காவின் குரலையும் கேட்கவில்லை.

வலையை எறியாமல் பழைய இடத்திலேயே வைத்தேன். மானை நான் இன்னும் மன்னிக்கவில்லை, பிள்ளைகளே. அதை மன்னித்துவிட்டால் மிச்சக் கோபம் நேரே யாரிடம் வரும் என்று எனக்குத் தெரியும்.