குடிக்காத லாரி டிரைவர்

திருவொற்றியூரில் எங்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்க ஒருவர் வந்திருந்தார். இஸ்திரி கலையாத கதர் ஜிப்பா, தடித்த கண்ணாடி. யார் வாசித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நம்ப முடியாத இடம் வந்தால் பேனாவால் மேஜையைத் தட்டுவார்.

என் கதைக்குச் சீக்கிரமே தட்டினார். அதில் வருபவர், துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் வரிசையில் காத்திருக்கும் கண்டெய்னர் லாரி டிரைவர். வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார்.

"குடிக்கல, கெட்ட வார்த்தை பேசல. வடசென்னை டிரைவர்னு யார் நம்புவாங்க? ஏதாவது ஒரு குறை வேணும்."

"குறை கீது சார். அந்த டிரைவரு எங்க நைனாதான். அம்மா செத்துப்பூட்ச்சின்னு போன் பண்ணியும் வரல. லைனை உட்டா பின்னாடி நிக்கிற வண்டில்லாம் மாட்டிக்குமாம். கண்டெய்னரை எறக்கிட்டுதான் வூட்டுக்கு வந்தாரு."

மறுபடியும் தட்டினார். "இது ஒட்டல. அன்னிக்குக் குடிச்சிட்டுக் கிடந்தார்னு மாத்துங்க. உடனே நம்புவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மா தலமாட்டுல வந்து நின்னப்ப நைனா மேல டீசல் வாடைதான் சார் அடிச்சிது. அத்த இன்னாத்துக்கு மாத்தணும்?"

அவர் அடுத்தவரை வாசிக்கச் சொன்னார்.

இடைவேளையில் எல்லோருக்கும் அவரே டீ ஊற்றிக் கொடுத்தார். என்னிடம், சர்க்கரை போதுமா என்றும் கேட்டார். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எழுதும்போது அந்த டீயையும் விடாமல் எழுதிவிட்டேன். நைனாவுக்கு அவர் செய்யச் சொன்னதை நான் அவருக்குச் செய்யமாட்டேன்.